பாஸ்வேர்டு போட்ட பதிவு: குட்டையாக ஒரு சொல் வேண்டும்

பாளையங்கோட்டை டீச்சர்:
வணக்கம். திங்கட்கிழமை பிள்ளைகளுக்கு வேர்ட்பிரஸ் (வலைப்பதிவு, இணையதளம் நடத்தும் மென்பொருள்) வகுப்பு. திரை வாசகங்களைத் தமிழாக்கியதில் ஒன்று மட்டும் இடிக்கிறது. பதிவுக்குக் கடவுச்சொல் போட்டால் தலைப்புக்கு முன்னால் 'புரொடெக்டட்:' என்று தானாக ஒட்டிக்கொள்ளும். அங்கே 'கடவுச்சொல்லால் பாதுகாக்கப்பட்டது:' என்று போட்டால் செல்போனில் தலைப்புக்கே இடமில்லை.

அம்பை அண்ணாச்சி:
'காப்புப் பதிவு.' நூலின் முகப்பில் காப்புச் செய்யுள் வைப்பது நம் மரபு. 'கா' வேரிலிருந்து காவல், காவலன், காப்பியம்கூட...

தென்காசித் தம்பி:
காப்பியம் வடசொல் அண்ணாச்சி, அதை விடுங்க. பேக்கப்பைத்தான் ஏற்கெனவே 'காப்பு' என்கிறோம். அதோடு இதில் பெரிய பாதுகாப்பும் கிடையாது. எழுதியது குறியாக்கம் ஆகாமல் தரவுத்தளத்தில் அப்படியே கிடக்கும். உள்ளே இருக்கும் படத்தின் முகவரி தெரிந்தால் கடவுச்சொல் இல்லாமலே படத்தைப் பார்த்துவிடலாம். ஒருமுறை திறந்த உலாவியில், மாற்றி அமைக்காவிட்டால், 10 நாளைக்கு மறுபடி கேட்காது. 'பூட்டுப் பதிவு' போதும்.

அம்பை அண்ணாச்சி:
> பூட்டுப் பதிவு
நடுவில் 'ப்' எதுக்கு வே? பூட்டிய, பூட்டுகிற, பூட்டும் பதிவு. ஊறுகாய் போல வினைத்தொகை. ஒற்று மிகாது.

தென்காசித் தம்பி:
பூட்டு இங்கே பெயர்ச்சொல். வன்தொடர்க் குற்றியலுகரம். மிகும்.

வள்ளியூர்க்காரர்:
'அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்' என்று வள்ளுவரே எடுத்துக் கொடுத்திருக்கிறார். 'தாழ்ப்பதிவு' என்போம். சாவி போர்ச்சுக்கீசியரோடு வந்தது, திறவுகோல் நம்முடையது. அதையும் இப்போதே சேர்த்துவிடலாம்.

பாளையங்கோட்டை டீச்சர்:
தாழ்ப்பதிவு என்றால் மட்டமான பதிவா என்று கேட்பார்கள். சாவியை இன்னொரு நாள் பார்ப்போம்.

மேலப்பாளையத்து வாசகர்:
தலைப்பு எல்லாருக்கும் தெரிகிறது, உள்ளேதான் போக முடியவில்லை. மத்தியானம் நடை சாத்தியிருக்கும்போது நெல்லையப்பர் கோபுரம் மட்டும் தெரிகிற மாதிரி. 'சாத்திய பதிவு'?

தென்காசித் தம்பி:
அழகுதான். ஆனால் யாராவது ஒரு 'ப்' சேர்த்தால் 'சாத்தியப் பதிவு' ஆகிவிடும். அப்புறம் அசாத்தியப் பதிவு எது என்பார்கள்.

வள்ளியூர்க்காரர்:
'அந்தரங்கம்'?

பாளையங்கோட்டை டீச்சர்:
'பிரைவேட்' தனி வசதி. அதைத் தளத்தில் உரிமை உள்ளவர்கள் மட்டும் நுழைந்து பார்க்கலாம். இது சொல் தெரிந்த யாருக்கும் திறக்கும். சரி, 'பூட்டியது:' என்று போட்டுவிட்டேன். பின்னால் முக்காற்புள்ளி வருவதால் ஒற்றுச் சண்டைக்கும் வேலை இல்லை. மூன்று பேர் தனிமடலில் சரி என்றார்கள்.

அம்பை அண்ணாச்சி:
எனக்குச் சம்மதமில்லை டீச்சர். பூட்டியது எது? பதிவா பூட்டியது? 'பூட்டப்பட்டது' என்று செயப்பாட்டுவினை வேண்டும். ராத்திரி விரிவாக எழுதுகிறேன்.