வால்வு ரேடியோ: உறுமல் குறைந்தது, ஆனால் குரல் கரகரக்கிறது. உதவி தேவை

மல்லாவிப் பெடியன்:
வணக்கம். அப்பப்பாவின் வால்வு ரேடியோ (ட்ரான்சிஸ்ரருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்கள் வைத்த பழைய செற்), வவுனியாவில் மாமி வீட்டில் கிடந்தபடியால் சண்டையில் தப்பியது. உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது. துடைத்துவிட்டுப் போட்டால் ஒரே உறுமல். பெரிய கெப்பாசிற்றரை மாற்றினேன், உறுமல் குறைந்தது, ஆனால் பத்து நிமிடத்தில் குரல் கரகரத்து, ஒரு வால்வு அளவுக்கு மீறிச் சுடுகிறது. எதை மாற்றுவது? அப்பம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சீக்கிரம் பாடவைத்துக் காட்ட வேண்டும்.

முறிகண்டி:
என்னென்ன வால்வுகள்? கண்ணாடியில் நம்பர் இருக்கும். ட்ரான்ஸ்போமர் உண்டா? கெப்பாசிற்றர் எத்தனை மைக்ரோ (மைக்ரோஃபரட்) போட்டீர்கள்?

வற்றாப்பளை:
ஏரியலைப் பாருங்கள் தம்பி. எங்கள் வீட்டிலும் இப்படித்தான் கரகரத்தது, தென்னைக்கும் வேம்புக்கும் இடையில் கம்பி கட்டியபிறகு சரி.

புளியங்குளம்:
ஏரியலால் வால்வு சுடாது அண்ணை. வால்வு முடிந்துவிட்டது, வேறு தேடுங்கள்.

பழைய ஈயம்:
நம்பரே தெரியாமல் ஆளுக்கொரு வைத்தியம். இதை இங்கே எத்தனையோ தரம் எழுதிவிட்டேன், தேடிப் படிக்கத்தான் ஆளில்லை.

மல்லாவிப் பெடியன்:
மன்னிக்கவும். யூசிஎச் 81, யூபிஎஃப் 89, யூசிஎல் 82, யூவை 85. ட்ரான்ஸ்போமர் இல்லை. பழையது 50+50, அது கிடைக்காததால் 220 போட்டேன். சுடுவது யூசிஎல் 82.

பழைய ஈயம்:
முதலில் அந்த 220 ஐக் கழற்று. அவ்வளவு பெரியதைப் போட்டால் சுவிட்ச் போடும் ஒவ்வொரு தடவையும், ஏசியை டிசியாக்கும் யூவை 85 அடி வாங்கும். 47 மைக்ரோ, 450 வோல்ற் இரண்டு போதும். ட்ரான்ஸ்போமர் இல்லாத செற்றில் சேசிஸ் (பாகங்கள் பூட்டிய உலோகத் தட்டு) நேரே கரன்டோடு தொடர்பு, பிளக் மாறினால் சேசிஸே 230 வோல்ற், ஆகவே செருப்பில்லாமல் கிட்டப் போகாதே. வால்வு நல்லதாகவே இருக்கலாம். ஸ்பீக்கரை ஓட்டும் யூசிஎல் 82 இன் கிறிட்டுக்கு (ஒலி உள்ளே நுழையும் கால்) போகும் மெழுகுக் கடதாசிக் கெப்பாசிற்றர்தான் கசிகிறது. கிறிட் பக்கக் காலைத் தூக்கிவிட்டு, அந்தக் காலுக்கும் சேசிஸுக்கும் இடையில் வோல்ற் மீற்றரை வை. பூச்சியத்துக்குக் கிட்ட நிற்க வேண்டும். ஏறினால் 0.01 மைக்ரோ, 630 வோல்ற் பொலியெஸ்ரர் போடு.

முறிகண்டி:
கரன்டை நிறுத்தி, கெப்பாசிற்றரில் நிற்கும் சார்ச்சை ஒரு ரெசிஸ்ரரால் இறக்கிவிட்டுத்தான் ஈயம் வையுங்கள். முதல் தடவை போடும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் மாட்டுங்கள்.

வற்றாப்பளை:
பெடியனை ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? கரன்டே இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோவைச் சுற்றித்தானே பிபிசி தமிழோசை கேட்டோம். யார் செத்தது?

பழைய ஈயம்:
அது ட்ரான்சிஸ்ரர் செற். டைனமோ தருவது 6 வோல்ற், 3 வாட். இந்த நாலு வால்வின் இழையைச் சூடாக்கவே 12 வாட்டுக்கு மேல் வேண்டும்.

வற்றாப்பளை:
கணக்கு உங்களுக்குத் தெரியும், சரி. இரவில் பெடல் மிதித்து மிதித்துக் கால் வீங்கியது எங்களுக்கு. மரியாதையாக எழுதுங்கள்.

புளியங்குளம்:
நாங்களும் சுற்றினோம் அண்ணை. மிதிப்பது நின்றால் செய்தி பாதியில் அறுந்துவிடும், வீடு முழுக்கக் கத்தும்.

மல்லாவிப் பெடியன்:
காலைத் தூக்கி அளந்தேன், 31 வோல்ற். கெப்பாசிற்றரின் மெழுகு உருகி அடியில் வழிந்திருந்தது. இரண்டையும் மாற்றினேன், ஒரு மணித்தியாலமாகக் கரகரப்பு இல்லை. நேற்றிரவு திருச்சி வானொலி எடுத்தது. அப்பம்மா பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டா. நன்றி ஐயா.