மறு: கடலுப்புத் தூசியா, திவலையா? 'சாரலுப்பு' என்று ஒரு முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

கடல்மேல் காற்றில் மிதக்கும் உப்புத் துணுக்குக்குச் சொல் கேட்டிருந்தேன். வளிமண்டல வேதியியல் பாடம் ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். இந்தச் சொல் கிடைக்காமல் மூன்றாம் பத்தியிலேயே நிற்கிறது. பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

> 'கடலுப்புத் தூசி' போதுமே, படித்தவுடன் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். தூசி என்றால் காய்ந்தது. இதுவோ கடல்மேல் பெரும்பாலும் ஈரத்துளியாகவே இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைந்துவிடும். அப்புறம் ஈரம் குறைந்தாலும் உடனே காயாது. ஏறத்தாழ 45 சதவீதத்துக்கு இறங்கும்வரை செறிந்த கரைசலாகவே தாக்குப்பிடிக்கும். முக்கியமான வேதிவினைகள் நடப்பது அந்த ஈரத்தில்தான்.

மதுரையில் கடல் இல்லை. ஆனால் இந்தக் கூத்து எங்கள் அடுப்படியில் வருடாவருடம் நடக்கிறது. ஐப்பசி அடைமழையில் கல்லுப்பு ஜாடியைத் திறந்தால் மேல்கற்கள் பளபளவென்று நனைந்திருக்கும், அடியில் விரல் நனையும் அளவுக்குத் தண்ணீர் தேங்கியிருக்கும். "உப்பு தண்ணி விட்டுருச்சு" என்பார் அம்மா. சித்திரையில் அதே ஜாடியின் விளிம்பில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும். கரைசல் காய்ந்து படிகமாவதற்குப் பூத்தல் என்ற சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். சுவரில் உப்புப் பூப்பதைக் கொத்தனார்கள் அன்றாடம் சொல்கிறார்கள். 'நீர்விடுதல்' மட்டும் எனக்கு ஒப்பவில்லை. உப்பு நீரை விடுவதில்லை, காற்றிலிருந்து வாங்குகிறது. தலையில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோமே, அதுபோல 'நீர்கோத்தல்' என்றால் செயல் சரியாக வருகிறது.

'திவலை' (நீர்த்துளி) அழகான சொல், ஆனால் தூசிக்கு நேர் எதிரான குறை அதற்கு. உப்புப் பூத்துப் படிகமான பிறகு அதைத் திவலை என்று அழைக்க முடியாது.

> அமிலம் பட்டுக் குளோரின் போய்விட்டால் அது இன்னும் உப்புதானா?

இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. நகரத்துப் புகையிலிருந்து உண்டாகும் நைட்ரிக் அமிலம் கடற்கரையைத் தாண்டி இந்தத் துணுக்கில் சேர்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு ஆவியாய் வெளியேற, சோடியம் நைட்ரேட் தங்கிவிடுகிறது. இரவில் நடப்பது வேறு. புகையிலிருந்து வரும் டைநைட்ரஜன் பென்டாக்சைடு ஈரக் குளோரைடில் பட்டு நைட்ரைல் குளோரைடு ஆகிறது. விடியும்வரை காற்றில் சேர்ந்துகொண்டே போகிறது. வெயில் பட்டதும் உடைந்து குளோரின் அணுவை விடுகிறது. அந்த அணு மீத்தேனையும் மற்ற ஹைட்ரோகார்பன்களையும் தாக்கும். அசையாத பொருள் என்று நாம் நினைக்கும் கறியுப்பு, காலை வெயிலில் காற்றையே கழுவத் தொடங்குகிறது! கடல்நீரில் புரோமைடு மிகக் கொஞ்சம், 650 குளோரைடு அயனிக்கு ஒன்றுதான். ஆனாலும் துருவப் பகுதிகளில் வசந்தகாலத்தில் தரையோர ஓசோன் சில நாட்கள் கிட்டத்தட்ட அற்றுப்போவதற்கு அந்தப் புரோமின்தான் காரணம்.

சரி, குளோரின் போன பிறகு? பொட்டாசியம் நைட்ரேட்டை நம்மவர்கள் வெடியுப்பு என்றுதான் சொல்லிவந்திருக்கிறார்கள். பேதியுப்பு மெக்னீசியம் சல்பேட். இரண்டிலும் குளோரின் கிடையாது, ஆனாலும் உப்புதான். ஆகவே 'உப்பு' கடைசிவரை பொருந்துகிறது.

அந்தப் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் தோன்றியது. கல்லுப்பு, இந்துப்பு, வெடியுப்பு என்று நம் மொழி உப்புக்கு முன்னால் ஒரு சொல்லை ஒட்டியே பெயர் வைக்கிறது. அப்படியானால் இது சாரலுப்பு. சாரலாய் எழுந்த உப்பு. பிறகு அது ஈரமாய் இருந்தாலும் காய்ந்தாலும் பெயர் நிற்கும்.

சாரல் என்றால் மலைச்சரிவு அல்லவா, குற்றால மழையல்லவா என்று குழுமத்தில் யாராவது கேட்பார்கள் என்று தெரியும். எங்கள் தெருவில் "சன்னலைச் சாத்து, சாரல் அடிக்குது" என்றால் யாரும் மலையை நினைப்பதில்லை. காற்று கொண்டுவரும் நுண்துளி, அவ்வளவுதான்.

பிறக்கும் விதத்துக்கும் இரண்டு சொல் வேண்டும். சோடா பாட்டிலைத் திறந்ததும் மூக்கில் சுருக்கென்று தெறிக்கிறதே, கடலிலும் அதேதான். அலை உடைந்து நுரைக்கும்போது குமிழி மேலே வந்து வெடிக்கிறது. குமிழியின் மேல்தோல் கிழிந்து தெறிப்பவை பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, படலத்துளி எனலாம். குழிந்த இடத்திலிருந்து நீர் பீறிட்டு எழுந்து உடைபவை பெரியவை. பால் பீச்சுவதை நினைத்து இதற்குப் பீச்சுதுளி என்று வைத்திருக்கிறேன். பெரியவை சில மணி நேரத்தில் விழுந்துவிடும். சிறியவை நாட்கணக்கில் மிதக்கும், மேகத்துளிக்குக் கருவாகவும் ஆகும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: "இரவில் சாரலுப்பின்மேல் உண்டான நைட்ரைல் குளோரைடு, விடிந்ததும் சிதைகிறது." எனக்கு இடறவில்லை.

தூத்துக்குடி, வேதாரண்யம் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். பலத்த கடற்காற்று அடித்த மறுநாள் சன்னல் கம்பியிலும் சைக்கிளிலும் பிசுபிசுவென்று படிந்திருக்குமே, அதற்கு உப்பளத்தில் வேலை செய்பவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள்? கேட்டு எழுதுங்கள். அங்கே ஒரு சொல் புழக்கத்தில் இருந்தால் சாரலுப்பை விட்டுவிட்டு அதையே பாடத்தில் போடுகிறேன்.