காஃபீன் நஞ்சு என்றால் பெர்ரி போரர் எப்படிப் பிழைக்கிறது?

நாகலூர் தோட்டக்காரர்:
ஏற்காட்டில் கொஞ்சம் அராபிகா காப்பி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பழத்தின் தொப்புள் பக்கம் சின்ன ஓட்டை, உடைத்துப் பார்த்தால் கருப்பு வண்டு, வெள்ளைப் புழு, பருப்பு முழுக்கத் தூள். காப்பிப் பழத்தைத் துளைக்கிற பெர்ரி போரர்தான், சந்தேகமில்லை. காஃபீன் பூச்சிகளுக்கு நஞ்சு என்கிறார்களே, இது மட்டும் அதையே தின்று எப்படி வளர்கிறது? கூன்வண்டு குடும்பம் என்றும் சொல்கிறார்கள், மூக்கையே காணோமே?

பூச்சியியல் மாணவி, சேலம்:
கூன்வண்டுக் குடும்பம்தான் அண்ணா. அரிசி வண்டைப் பாருங்கள், தலை மூக்கு மாதிரி நீண்டிருக்கும், தாடை அந்த நுனியில் இருக்கும், பெண் வண்டு அதால் அரிசியில் குழி தோண்டி முட்டை வைத்துப் பசையால் மூடிவிட்டு நகர்ந்துவிடும். போரர் அப்படியில்லை, தானே உடம்போடு பருப்புக்குள் நுழைந்துதான் முட்டை வைக்கும். அதற்கு நீண்ட மூக்கு கிடையாது, தலை கட்டை, தாடை வலு.

காஃபீனைச் சிதைப்பது அதன் குடலில் இருக்கும் பாக்டீரியா. 2015-ல் வந்த ஆய்வில் ஆன்டிபயாட்டிக் கொடுத்து அந்தப் பாக்டீரியாவை அழித்துப் பார்த்தார்கள், காஃபீன் சிதையாமல் எச்சத்தோடு அப்படியே வெளியே வந்தது, முட்டையும் புழுவும் வெகுவாகக் குறைந்தன. சூடோமோனாஸ் ஃபுல்வா என்ற பாக்டீரியாவைத் திரும்ப ஊட்டியதும் காஃபீன் மறுபடி சிதைந்தது. ரொபஸ்டா காப்பி வகையில் காஃபீன் அதிகம், ஆனாலும் போரர் அதையும் விடுவதில்லை.

நாகலூர் தோட்டக்காரர்:
அப்போ ஆன்டிபயாட்டிக் தெளித்தால் போதுமா?

பழைய எஸ்டேட் ரைட்டர்:
வேண்டவே வேண்டாம் தம்பி. வண்டு இருப்பது பருப்புக்குள்ளே, மருந்து அங்கே போய்ச் சேராது, மண்ணில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்தான் சாகும். 1990-ல் நீலகிரி கூடலூர்ப் பக்கம் இந்தப் பூச்சியை இந்தியாவில் முதலில் கண்டதிலிருந்து நம்மைக் காப்பாற்றுவது பொறுக்கு வேலைதான். ஆண் வண்டுக்குப் பறக்க முடியாது, கூடப் பிறந்த பெண்ணோடு பழத்துக்குள்ளேயே சேர்ந்துவிடும், வெளியே வருகிற பெண் உடனே முட்டை வைக்கத் தயார். அதனால் செடியில் விட்டுப்போன ஒரு பழமும் தரையில் உதிர்ந்த ஒரு பழமும் அடுத்த போகத்துக்கு விதை மாதிரி. அறுவடை முடிந்ததும் சுத்தமாகப் பொறுக்குங்கள், பூச்சி விழுந்ததைக் கொதிக்கிற தண்ணீரில் முக்குங்கள். பார்ச்மென்ட்டை, அதாவது பழத்தோல் நீக்கிய, மேலோடு போகாத கொட்டையை, ஈரப்பதம் 10 சதவீதம் வரும்வரை காயவைத்து மூட்டை கட்டுங்கள், ஈரமாகக் கட்டினால் குடோனிலும் பெருகும்.