தொழிலாளர் முகாமில் பெண்கள் பாதுகாப்பு: விதிகள் எழுத உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். கனடாவில் காணாமற்போன, கொல்லப்பட்ட பூர்வகுடிப் பெண்களைப் பற்றிய தேசிய விசாரணை ஆணையம் 2019 ஜூனில் வெளியிட்ட இறுதி அறிக்கையின் 231 நீதிக் கோரிக்கைகளில், 13ஆம் பிரிவு சுரங்கம் போன்ற வளம் எடுக்கும் தொழில்களுக்கு உரியது; திட்டமிடும் கட்டம் முதலே பூர்வகுடிப் பெண்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. பெரும்பாலும் ஆண்களே தங்கும் ஒரு முகாமுக்கு இதையொட்டி நடத்தை விதிகளை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். கதவுப் பூட்டு, வெளிச்சம், தனிக் கழிப்பறை ஆகியவற்றை எழுதிவிட்டோம், அவை எளிது. புகார் கொடுத்த பெண்ணையே வேறு பணிநேரத்துக்கு மாற்றிவிடும் வழக்கத்தை (பாதுகாப்பு என்ற பெயரில் தண்டனை அவருக்கே போகிறது) எப்படித் தடுப்பது என்பதில்தான் திணறுகிறோம். மேற்பார்வையாளரைச் சாராத புகார் வழியை நடைமுறைப்படுத்திய அனுபவம் உள்ளவர்கள், குறிப்பாக இத்தகைய முகாம்களில் பணியாற்றிய பெண்கள், அந்த விதியின் வாசகத்தையும் சந்தித்த சிக்கல்களையும் பகிர்ந்துகொண்டால் பேருதவியாக இருக்கும்.