இன்குபேட்டருக்குள் குட்டி மைக்ரோஸ்கோப்: ஃபோகஸ் நழுவுகிறது

கேள்வி:
ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியின் கேமரா வி2-வின் லென்ஸைக் கழற்றி, தலைகீழாகத் திருப்பி, சென்சாருக்கு 15 மி.மீ. மேலே பொருத்தியிருக்கிறேன். லென்ஸ் குழாய் பிஎல்ஏ (3டி பிரின்டர் பிளாஸ்டிக்) பிரின்ட்; அடியில் 20 மி.மீ. அலுமினியக் கட்டை. செல் வளர்ப்புத் தட்டு 40 மி.மீ. பிஎல்ஏ கால்களில் நிற்கிறது. வெளியே ஃபோகஸ் வைத்து, செல் வளர்க்கும் 37 டிகிரி வெப்பப் பெட்டியான இன்குபேட்டருக்குள் வைத்தால் ஒரு மணி நேரத்தில் படம் மங்குகிறது. ஓரங்களும் இருண்டு, நிறம் மாறித் தெரிகின்றன. எங்கே தவறு?

பதில் 1:
கால்கள்தான் காரணம். பிஎல்ஏ ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர் விரியும், அலுமினியம் 23. அறை வெப்பம் 22 என்றால் 15 டிகிரி ஏற்றம். தட்டு 42 மைக்ரோமீட்டர் உயரும், லென்ஸ் 23 மட்டுமே (கட்டை 7, குழாய் 16). இடைவெளி 19 கூடிவிட்டது. உங்கள் அமைப்பின் ஃபோகஸ் ஆழமோ, அதாவது படம் தெளிவாக நிற்கும் உயர வீச்சோ, 10 முதல் 15 வரைதான். குழாய் நீள்வதால் லென்ஸ் சென்சாரைவிட்டு விலகுவதைப் பற்றித் தனியாகக் கவலை வேண்டாம்: உருப்பெருக்கம் சுமார் 3.9, அதன் வர்க்கத்தால் வகுபட்டு மாதிரிப் பக்கம் 1 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடும்.

பதில் 2:
ஓரங்களுக்குக் காரணம் வேறு. சென்சாரின் ஒவ்வொரு பிக்சல் மேலும் உள்ள நுண்லென்ஸ்கள், மிக அருகிலிருக்கும் பழைய லென்ஸிலிருந்து சாய்வாக வரும் ஒளிக்கென்றே நகர்த்தி வைக்கப்பட்டவை. இப்போது ஒளி நேராக விழுகிறது. பழைய லென்ஸுக்கென ஓரங்களைச் சரிசெய்யும் லென்ஸ் நிழல் திருத்தத்தை மென்பொருளில் அணைத்து, எக்ஸ்போஷரையும் வெள்ளைச் சமநிலையையும் பூட்டுங்கள். காலித் தட்டை அதே எல்இடி வெளிச்சத்தில் 20 படம் எடுத்துச் சராசரி கண்டு, ஒவ்வொரு ரா (பதப்படுத்தாத) படத்தையும் அதால் வகுங்கள். எந்தப் பிக்சலும் வெளுத்துப்போகக் கூடாது. வெளுத்தால் வகுத்தல் பொய்யாகும்.

பதில் 3:
இன்குபேட்டர் காற்றின் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். குளிர்ந்த கருவியை அப்படியே உள்ளே வைத்தால் லென்ஸில் பனி படியும். அதுவும் மங்கலாகத்தான் தெரியும். முதலில் உலர்ந்த இடத்தில் 37 டிகிரிக்குச் சூடாக்கி, பிறகு உள்ளே வையுங்கள். பை போர்டு வெளியே இருக்கட்டும், ரிப்பன் கேபிள் மட்டும் உள்ளே போகட்டும். எல்இடி படமெடுக்கும் நொடியில் மட்டும் எரிந்தால் போதும்.

கேட்டவர்:
கால்களை முழுக்க அலுமினியமாக மாற்றிவிடலாமா?

பதில் 1:
அப்போது தட்டு 14 மட்டுமே உயரும், இடைவெளி 9 குறையும். தேவலை, ஆனால் விளிம்பில் நிற்கிறீர்கள். 20 மி.மீ. அலுமினியம், அதன்மேல் 20 மி.மீ. பிஎல்ஏ என்று கால்களை அமையுங்கள். வித்தியாசம் 5-க்கு இறங்கும். அதற்குப் பிறகும், கருவியை நான்கு மணி நேரம் உள்ளே சூடேறவிட்டு அங்கேயே ஃபோகஸ் வையுங்கள்.