மறு: ஒயின் சொற்களுக்குத் தமிழ் – வின்டேஜுக்கு ‘பழமது’ சரியா வருமா?

> வின்டேஜ் கார்னா பழைய கார்தானே, அதே மாதிரி வின்டேஜ் ஒயினுக்கு ‘பழமது’ன்னு போட்டுடலாம், சின்னதாவும் இருக்கு

ஐயா, காருக்கு அது சரி, ஒயினுக்கு ஒத்து வராது. திராட்சை எந்த வருஷம் பறிச்சதோ அதான் வின்டேஜ், போன வருஷம் பறிச்சு இந்த வருஷம் கடைக்கு வந்த பாட்டில்லயும் அந்த வருஷத்த லேபிள்ல போட்டிருப்பான். ஸ்பெயின்ல ரியோஹா பக்கம் ஒவ்வொரு வருஷ விளைச்சலுக்கும் அவங்க ஒழுங்குமுறைக் குழு தரம் அறிவிக்கும், 1964க்குக் கிடைச்சது ‘எக்ஸெலென்தே’, அதான் உச்சம். இத எப்படி ‘பழமது’ங்கறத வச்சு எழுதுவீங்க? என் ஓட்டு ‘பறிப்பாண்டு’க்கு.

> ஏஜிங் எல்லாத்துக்கும் ‘முதிர்வு’ ஒண்ணே போதாதா?

போதாது. ரியோஹால ரெட் ஒயின் லேபிள்ல ‘கிரான் ரெசெர்வா’ன்னு (ரொம்ப வருஷம் முதிர வச்ச ஒயினுக்கான தரப்பேரு) போடணும்னா மொத்தம் 5 வருஷம் வச்சிருக்கணும், அதுல குறைஞ்சது 2 வருஷம் ஓக் மரப் பீப்பால, 2 வருஷம் பாட்டில்ல. ரெண்டும் வேற வேற வேலை. பீப்பால மரத்து வழியா கொஞ்சம் கொஞ்சமா காத்து போகும், பழைய ரியோஹாக்காரங்க அமெரிக்க ஓக்தான் விரும்புவாங்க, வெனிலா தேங்கா வாசனையெல்லாம் அதுல இருந்து வர்றது. பாட்டிலுக்குள்ள காத்து ரொம்பக் கம்மி, அங்க டேனினும் (துவர்ப்பு தர்ற பொருள்) நிறமியும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து கனமாகி அடியில போய் உக்காரும், அதனாலதான் வயசாக வயசாக செவப்பு வெளுத்து துவர்ப்பும் அடங்குது. ஆக ‘பீப்பா முதிர்வு’, ‘குப்பி முதிர்வு’ன்னு ரெண்டு சொல் வேணும்.

நான் குடிச்சுப் பார்த்த 1964 கிரான் ரெசெர்வால இது கண்கூடா தெரிஞ்சுது. படிஞ்சது அடியில இறங்கட்டும்னு முந்தின நாளே பாட்டில நிமித்தி வச்சாச்சு, கார்க் பொலபொலன்னு உதிர்ற நிலை, திருகு போட்டா தூளாயிடும்னு ரெண்டு தகடு வச்ச ஓப்பனர ஓரமா எறக்கி ஆட்டி ஆட்டி எடுத்தாங்க, அப்படியும் பாதி ஒடஞ்சுது. கிளாஸச் சாய்ச்சா ஓரம் செங்கல் நிறம். முதல் மோப்பம் பூட்டிக் கிடந்த ரூம் மாதிரி ஒரு புழுங்கல், எனக்கு முகமே சுளிச்சுது, கொஞ்ச நேரத்துல அது விலகி காஞ்ச அத்திப்பழம், தோல், புகையிலைன்னு ஒண்ணொண்ணா வந்துது. ஆச்சரியம் புளிப்புதான், இன்னும் துடிப்பா இருந்துது, இத்தன வருஷம் தாக்குப் பிடிச்சதே அதனாலதான். ஆனா அரை மணி நேரத்துல வாசனை இறங்க ஆரம்பிச்சிடுச்சு. ரெட் ஒயின்னாலே ரொம்ப நேரம் திறந்து வைக்கணும்னு சொல்றவங்க இந்த வயசு பாட்டில்ல அத செஞ்சா மிஞ்சறது புளிச்ச தண்ணிதான்.

> அடியில படியறதுக்கு ‘மண்டி’ங்கறீங்க, படிக்கறவன் அரிசி மண்டின்னு நினைப்பான் :)

நினைக்கட்டுமே! கள்ளு மண்டி, காப்பி மண்டின்னு ஊரே சொல்லுது, அத விட்டுட்டு ‘வீழ்படிவு’ன்னு கெமிஸ்ட்ரி லேப்ல இருந்து எதுக்குக் கொண்டு வரணும்.

> அப்ப டிகேன்ட் பண்றது (மண்டிய விட்டுட்டு தெளிவ மட்டும் வேற பாத்திரத்துல ஊத்தறது)? ‘வடித்தல்’?

வடித்தல்னா சாராயம் வடிக்கறதுன்னு ஆயிடும், குழப்பம். ஸ்கூல் பாடத்துலயே ‘தெளிய வைத்து இறுத்தல்’ இருக்கே, ‘இறுத்தல்’னே வச்சுக்கலாம். பாட்டில் கழுத்துக்குக் கீழ ஒரு மெழுகுவத்தி வச்சு, நிறுத்தாம மெதுவா ஒரே ஊத்தா ஊத்தணும், மண்டி கழுத்துக்கு வந்த உடனே நிறுத்திடணும். நடுவுல பாட்டில நிமித்தினா கலங்கிடும், அப்புறம் இறுத்தும் பிரயோஜனம் இல்ல.

இன்னொண்ணு பாக்கி. பழைய பாட்டில்ல ஒயின் மட்டம் வருஷம் போகப் போக கீழ இறங்கும், கார்க் வழியா ஆவியாயிட்டே இருக்கும்ல, ஏலத்துல எடுக்கறவங்க முதல்ல பார்க்கறதே அந்த இடைவெளியத்தான். அதுக்கு ‘கழுத்துக்குறை’ன்னு எழுதிப் பார்த்தேன், ஏதோ நோய் பேரு மாதிரி இருக்கு. வேற யார்கிட்டயாவது நல்லதா ஒண்ணு இருந்தா போடுங்க.