பூட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரியும் பழைய துவக்கின் அருமை

பழைய காலத்துத் துவக்கு, அதுதான் குழலின் வாய்வழியாக வெடிமருந்து போட்டு இடிக்கிற துப்பாக்கி, அதைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் தந்த வேலைப்பாட்டையும் வெள்ளித் தகட்டையும்தான் சொல்கிறார்கள். நான் கல்முனையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். என் கண் முதலில் போவது குழலுக்கும், மருந்தை வெடிக்க வைக்கிற பொறியான பூட்டுக்கும்தான்.

களுதாவளையில் பெரியப்பாவிடம் ஒன்று இருந்தது, வயலுக்கு வரும் பன்றிக்காக அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருந்தார். பூட்டுத் தகட்டில் கிரீடமும் 'டவர்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும், பிரித்தானியப் பட்டாளத்துத் துவக்குகளில் வருகிற முத்திரை. முதலில் சக்கிமுக்கிக் கல்லால் வெடித்த துவக்கு அது. 1807இல் ஸ்கொட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போர்சைத், அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துவக்குக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை எடுத்தார், 1820களில் அந்த மருந்தை அடைத்த சின்னச் செம்புத் தொப்பி பரவியது, அதற்குப் பிறகு இப்படிப் பழைய கல் துவக்குகளை நிறையப் பேர் மாற்றிக்கொண்டார்கள். பெரியப்பாவின் துவக்கில் கல்லின் தீப்பொறி விழுகிற மருந்துக் கிண்ணி இருந்த இடத்தை அடைத்து அராவிய தடம் நன்றாகத் தெரியும்.

ஒருநாள் "கிட்ட வந்து பார் மனே" என்று பூட்டைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கவட்டை மாதிரி மடிந்த ஒரு தகட்டு வில், அது இழுக்கிற ஒரு சக்கரத் துண்டு, அதில் இரண்டு வெட்டு. ஒரு வெட்டு பாதி இழுவைக்கு, அதாவது அடிக்கிற சுத்தியைப் பாதி இழுத்து நிறுத்த, மற்றது முழுக்க இழுத்து வெடி வைக்க. பாதி இழுவை வெட்டு ஆழமாக இருக்கும், விசையை எவ்வளவு இழுத்தாலும் சுத்தி விழாது. அந்த வில்லைத்தான் நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சூட்டின் அளவைக் காட்டுகிற கருவி எதுவும் இல்லாத உலைக்களத்தில், இரும்பின் நிறத்தை மட்டும் பார்த்துப் பதம் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் கூடினால் உடையும், குறைந்தால் தொய்யும். இன்றைக்கும் அந்த வில் தொய்யவில்லை. மரக்கட்டையில் பூட்டுக்கு வெட்டிய குழியும் அப்படித்தான், ஒரு தாள் நுழைய இடமில்லை.

குழல் செய்வது இன்னும் கஷ்டம். பட்டை இரும்பைக் கம்பியில் சுற்றி, துண்டு துண்டாகக் காய்ச்சி அடித்து ஒட்டி, பிறகு உள்ளே குடைந்து, கண்ணால் பார்த்தே நேராக்குவார்கள். மட்டக்களப்புக் கோட்டைப் பீரங்கியும் பின்பக்கம் மூடி முன்வாயால் மருந்து போடுவதுதான், ஆனால் அது வார்ப்பு, தொழில் வேறு.

நம்முடைய நாட்டுக் கொல்லர்கள் இதில் பெரிய ஆட்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்த துவக்கைப் பார்த்துக் கற்றுக்கொண்டு அவர்களையே மிஞ்சினார்கள். 1580களில் கோவாவில் இருந்த டச்சுக்காரர் லின்ஸ்கோட்டன் இலங்கைக் குழல்களை வெள்ளி போல மின்னுகின்றன என்று புகழ்ந்திருக்கிறார். 1765இல் கண்டியிலிருந்து டச்சுக்காரர் கொள்ளையடித்துப் போன லெவ்கே என்ற அலங்காரப் பீரங்கியோடு இரண்டு பெரிய துவக்குகளும் 2023 டிசம்பரில் நெதர்லாந்திலிருந்து திரும்பி வந்தன. கொழும்பு நூதனசாலைக்குப் போகிறவர்கள் கண்டித் துவக்குகளின் பூட்டு எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஐரோப்பியத் துவக்கில் வலப்பக்கம், இவற்றில் இடப்பக்கம். அடிக்கட்டையும் இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். வெறும் நகல் எடுத்தவன் செய்கிற வேலை அல்ல இது.

அப்புறம் ஒரு விஷயம். வீட்டுப் பரணில் பழைய துவக்கு கிடந்தால் தானாகக் கழற்றப் போக வேண்டாம். உள்ளே மருந்து இருக்கலாம், ஈரம் படாத கருமருந்து நூறு வருடம் கழித்தும் வெடிக்கும். பொலிசுக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ சொல்லுங்கள். துரு என்று உரகடதாசி போட்டுத் தேய்க்கவும் கூடாது, முதலில் அழிவது அந்த முத்திரைதான், அது போனால் எங்கே எப்போது செய்தது என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது.